வெடிக்கு அஞ்சாத குட்டி

டிசம்பர் 28, சனி

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா நஸ்ரின் தினமும் குறிப்பு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். நாய் என்ன தின்றது, தண்ணீர் குடித்ததா, எச்சில் வடிகிறதா, நடை தடுமாறுகிறதா, எல்லாம். கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் நல்லபடியாக இருந்துவிட்டால் வெறிநோய் இல்லை என்று அர்த்தமாம். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து, ஒரு நாள் விடாமல் டைரி எழுதியவனுக்கு இந்தப் பொடிப்பெண் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். தனி நோட்டெல்லாம் போட முடியாது. இந்த டைரியிலேயே எழுதுகிறேன்.

நேற்று நடந்தது: மேஜர் பின்வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. அரையாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த பேத்தி இனியா, ஆறு வயது, போய்த் தொட்டாள். கடித்துவிட்டது. வலது முன்னங்கையில் நான்கு பல் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, சாயங்காலமே மகள் பொன்மலர் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

கார் கிளம்பும்போது ஜன்னலோரம் போய், "பத்து நாள் முடியட்டும் தாயி, அந்தச் சனியனை ஊசி போட்டு முடிச்சிடுறேன். இது அப்பா வாக்கு" என்றேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

இன்றைய குறிப்பு: சோறும் கோழிக்காலும் பாதி தின்றது. தண்ணீர் குடித்தது. எச்சில் இல்லை. துவைக்கிற கல் பக்கம் கட்டிப்போட்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. செய்த தப்பு அதற்கே தெரியும்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாய்க்கு வம்சம்தான் எல்லாம். வளர்ப்பு என்பதெல்லாம் மேல்பூச்சு. இதை நான் நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பேன். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்துப் பக்கம் குமாரசாமியிடம் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், ஒரு மறு கிடையாது. ஐந்து குட்டிகள் இருந்தன. காதோரம் கறுப்புப் புள்ளி விழுந்த ஒன்றைக் குமாரசாமி எனக்குக் கட்டப் பார்த்தார். "கலப்படத்தை நம்ம கிட்டயே தள்ளுறீரா?" என்று கேட்டு ஒதுக்கிவிட்டேன்.

சாத்தூர்க்காரனுக்கு வெடிக்கா பஞ்சம்? சட்டைப் பையில் ஒத்தவெடி ஒன்று கொண்டுபோயிருந்தேன். குட்டிகளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்துக் கொளுத்தினேன். நான்கும் தாய்க்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டன. புள்ளி விழுந்தது மூத்திரமே போய்விட்டது. இது மட்டும் தரையில் ஊர்ந்த எறும்பை மோந்துகொண்டு நின்றது. தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஆம்பளைன்னா இவன்தான்யா" என்று அங்கேயே மேஜர் என்று பெயரும் வைத்துவிட்டேன். இந்த இரண்டு தீபாவளியும் தெருவே அதிரும்போது அது வாசல்படியில் கால் நீட்டிப் படுத்திருந்ததைப் பார்க்க ஆள் வந்து நின்றது.

அப்படிப்பட்ட நாய் ஒரு பிள்ளையைக் கடிக்கிறது என்றால் தாய்வழியில் ஏதோ கோளாறு. குமாரசாமி மறைத்திருக்கிறார்.

சோறு முழுவதும் தின்றது. மற்றபடி ஒன்றுமில்லை.

டிசம்பர் 30, திங்கள்

மார்கழி. நாலரைக்கே கோயில் குழாய் ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்துவிட்டது. தெருநாய்கள் ஒன்றுவிடாமல் ஊளையிட்டன. மேஜர் சுருண்டு படுத்திருந்தது. இந்த நெஞ்சுரம் இருக்கிற நாய்க்கு ஒழுக்கம் மட்டும் ஏறவேயில்லை. பள்ளிக்கூட விசிலைத்தான் இதற்கும் ஊதினேன். ஆயிரம் பிள்ளைகள் ஒரு விசிலில் வரிசை கட்டியிருக்கிறார்கள். இது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரும். முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் காது கிழிய ஊதினாலும் வராது. திமிர் என்றால் அப்படி ஒரு திமிர்.

என் வீட்டுக்காரி சுப்புத்தாய்க்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம். சோறு வைக்கப் போகும்போது எட்ட நின்று தரையை இரண்டு தரம் ஓங்கி மிதிக்கிறாள். அது எழுந்து வாலை ஆட்டுகிறது. எனக்கு ஆட்டுவதில்லை. சோறு போடுகிற கைக்கு ஆட்டும், புத்தி சொல்கிற கைக்கு ஆட்டாது. பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான்.

பீரோ மேல் பிரம்பைக் காணோம். அவளிடம் கேட்டேன். "உடைஞ்சதை எதுக்குத் தேடுறீக?" என்றாள். எனக்கு உடைந்ததாக ஞாபகமில்லை.

இனியாவுக்கு இன்று இரண்டாவது ஊசி.

டிசம்பர் 31, செவ்வாய்

சோறு முக்கால். எச்சில் இல்லை. பொன்மலர் போன் செய்து, "அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?" என்று மறுபடி கேட்டாள், சொன்னதையே சொன்னேன்.

ஜனவரி 1, புதன்

பழைய மாணவன் செல்வகணபதி கேக் வாங்கிக்கொண்டு வந்தான். தீப்பெட்டி ஆபீசில் மேனேஜராக இருக்கிறான். நாற்பது வயது, தொந்தி வேறு. "சார் போட்ட போடுலதான் சார் நான் மனுசனானேன்" என்று சுப்புத்தாய் முன்னாலேயே சொன்னான். வயிறு குளிர்ந்தது. "கேட்டுக்கோ" என்று அவளைப் பார்த்தேன். அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது காலில் விழுந்தான். விபூதி பூசிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். சட்டென்று தலையை ஒதுக்கிக்கொண்டான். பழக்கதோஷம். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் கொஞ்சம் கம்மியாகச் சிரித்தான்.

நாய் நன்றாக இருக்கிறது. இன்னும் ஐந்து நாள்.

ஜனவரி 2, வியாழன்

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாள். நாயை எட்டயிருந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, அது தானாக வந்து மோக்கும்வரை கால் மணி நேரம் காத்திருந்தாள். முதுகைத் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்க பழைய தழும்பு நிறைய இருக்கு. இது மட்டும் புதுசு. எப்படி சார்?"

"கம்பியில உரசியிருக்கும்."

அவள் ஒன்றும் எழுதவில்லை. சுப்புத்தாயிடம் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கேட்டாள். நாய்க்குப் பின்னால் போய் நின்று ஓங்கித் தட்டினாள். எனக்கே காது அடைத்தது. பக்கத்து வீட்டு மாடியில் இருந்த புறாக்கள் பறந்தன. மேஜர் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். நக்கிக்கொண்டே இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையை ஒரு மிதி மிதித்தாள். சட்டென்று திரும்பியது.

"இவனுக்குக் காது கேக்காது சார். ரெண்டு காதும். பிறவியிலேயே."

"என்னம்மா பேசுற? வெடிக்கே அசையாத நாய்மா இது! தீபாவளிக்கு..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் புரிந்தது என்று அவளுக்கும் புரிந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். அந்த இடத்தில் எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முழு வெள்ளை வேணும், மூக்கு சிவப்பா வேணும்னு தேடித்தேடி இனம் சேர்க்கறாங்க. சில குட்டிக்கு அந்த நிறத்தோட செவிடும் சேர்ந்து வந்துடுது. அது பிறப்பு. இவன் குத்தமில்ல. ஆனா பயந்து கடிக்கிறது பிறப்புல வந்ததா எனக்குத் தோணல சார். முன்னாடி கைய நீட்டினா வர்றான், பின்னாடி தொட்டா உடம்பே விறைக்குது. பின்னால இருந்து மேல விழறது எல்லாம் அடிதான்னு எங்கேயோ படிச்சிருக்கான்."

"இப்ப என்ன செய்யணுங்கிற?"

"கைச்சைகை காட்டிப் பழக்கலாம். கம்பைத் தூக்கிப் போட்டுடணும். நல்லா வாழலாம் சார், சாகடிக்கத் தேவையில்ல." பையை மூடிக்கொண்டே கேட்டாள். "பாப்பா தொட்டப்ப தூங்கிட்டுதான் இருந்தானா?"

"ஆமா."

"நிச்சயமா?"

"ஆமான்னா ஆமாதாம்மா."

சுப்புத்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 3, வெள்ளி

காலையில் குமாரசாமியைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். செவிட்டு நாயை என் தலையில் கட்டிவிட்டீர், நீரெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. அதுதான் எரிச்சல்.

"சார், வெள்ளையில சிலது அப்பிடி விழும். எனக்குத் தெரியும், தெரியாதுன்னு சொல்லல. அதுக்குத்தான புள்ளிக்குட்டியைக் கொடுத்தேன்? வேணாம்னீக. வெடியைப் போட்டுச் சோதிச்சது நீங்க. அஞ்சுல கேக்காத ஒண்ணைத் தேடிப் புடிச்சு, வீரன்னு தூக்கிட்டுப் போனீக. நான் வாயைத் திறந்தா வாத்தியாருக்கே நாயைப் பத்திச் சொல்றியான்னு கேப்பீக. அந்தப் புள்ளிக்குட்டி இங்க டீக்கடையிலதான் கிடக்கு. கடைக்காரர் பேத்தி அது மேலதான் தலை வச்சுத் தூங்குது. வந்து பாருங்க."

வைத்துவிட்டேன்.

சுப்புத்தாயிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பிறகு ஏன்டி சொல்லல?"

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, மறுநாளு சொன்னேன். வாத்தியாருக்கே பாடமான்னீக." கீரை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னாள்.

பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க அந்த வருஷத்து டைரியை எடுத்தேன். நவம்பர் 13. என் கையெழுத்துதான். 'சுப்புத்தாய் நாய்க்குக் காது சரியில்லை என்று உளறுகிறாள். விசிலுக்கு வராததற்கு இன்று பத்து.' பத்து என்பது பத்து அடி. பக்கத்தைத் திருப்பினேன். ஆறு, எட்டு, மறுபடி பத்து. கூப்பிட்டது கேட்கவே கேட்காத ஒரு பிராணியை வரவில்லை என்று அடித்திருக்கிறேன், அதைக் கணக்காக எழுதியும் வைத்திருக்கிறேன். டைரியை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

இன்று சோறு கொண்டுபோய் நானே வைத்தேன். நான் நகரும்வரை தின்னவில்லை.

ஜனவரி 4, சனி

சுப்புத்தாய் ஒன்றே ஒன்று கேட்கிறாள். "பொன்மலருக்குப் போன் போட்டு, அன்னைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நாய் பொழைச்சுக்கும்."

"என்ன நடந்தது?"

சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மதியம் போன் போட்டேன். நாய் செவிடு என்பதைச் சொன்னேன், குமாரசாமி ஏமாற்றியதைச் சொன்னேன். வம்சம் வம்சம் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். பொன்மலர் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அன்னைக்கு அது தூங்கிட்டுதான இருந்துச்சுப்பா?" என்றாள். மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மருமகன் குரல் கேட்டது. பேங்க் ஆபீசர், நிறையப் படித்தவர், என்னை இன்றைக்கும் எழுந்து நின்று வரவேற்கிறவர். அவர் காதில் இது விழுந்தால் பிறகு நான் எந்த முகத்தோடு மதுரைக்குப் போவது?

"ஆமா தாயி" என்றேன்.

"சரிப்பா. திங்கக்கிழமை வாறேன்."

பயம்தான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. பயமாக இருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

சைகை பழக்கிப் பார்க்கலாம் என்று காலையில் பின்வாசலுக்குப் போனேன். டாக்டரம்மா மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் உயிர் போனது. அது என் முகத்தைப் பார்த்தது. நல்ல சமயம் என்று, 'வா' என்பதற்குக் கையைத் தூக்கினேன்.

அப்படியே தரையோடு தரையாகப் படுத்து மூத்திரம் போய்விட்டது.

கையைத் தூக்காமல் எப்படிக் கூப்பிடுவது? இரண்டு வருஷமாக அதற்கு என் கையிடமிருந்து தெரிந்த பாஷை ஒன்றுதான். வாளித் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன். சுப்புத்தாய் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று அவசரமாகக் கழுவினேன். பார்த்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 6, திங்கள்

பத்தாம் நாள். நாய்க்கு ஒரு குறையும் இல்லை.

பதினொரு மணிக்குப் பொன்மலர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா முன்பே வந்துவிட்டாள். மேசையில் ஒரு தாளை வைத்தாள்.

"வெறி இல்ல சார். நல்லா இருக்கற நாயை ஊசி போட எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா தூங்கிட்டு இருந்தது, யாரும் சீண்டல, காரணமே இல்லாம பிள்ளையைக் கடிச்சதுன்னு வளர்க்கறவர் எழுதிக் கொடுத்தா, அந்த நாய் வீட்டுல இருக்கக்கூடாது. நான் பெரிய டாக்டருக்கு அனுப்பணும். அவங்க முடிச்சிடச் சொன்னாலும் சொல்வாங்க. வேற மாதிரி நடந்திருந்தா இப்பவே சொல்லுங்க. தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் போயிடறேன்."

பொன்மலர் எதிரே உட்கார்ந்திருந்தாள். சுப்புத்தாய் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பெண்கள், ஆறு கண்கள். பரீட்சை ஹாலில் பார்த்து எழுதுகிறவனை நான் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

பேனாவை எடுத்தேன். 'தூங்கிக்கொண்டிருந்த நாய், காரணம் ஏதுமின்றிக் கடித்தது. பிறவிக் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

பொன்மலர் தாளை எடுத்து வாசித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், இது வேண்டாம். நாயை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க மாடியில தனி வீடு காலியா இருக்கு. நீங்க சொன்னபடி பழக்குறோம்."

"தாயி, அப்பா உனக்கு வாக்குக் கொடுத்தேன்லம்மா" என்றேன்.

"நாயைக் கொன்னு போடுங்கன்னு நான் எப்பப்பா கேட்டேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "இனியா அன்னைக்கே கார்ல சொல்லிட்டா. தாத்தா மேஜரை அடிச்சாக, நான் ஓடிப்போயிக் கட்டிப்பிடிச்சேன், அது தாத்தாதான்னு நெனச்சுக் கடிச்சிருச்சும்மான்னு. ஊசி குத்துறப்பக்கூட அழுகலப்பா. மேஜரை இன்னும் அடிப்பாகளான்னுதான் அழுதா. குளிப்பாட்டும்போது முதுகையும் பாத்தேன். நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு இருந்தேன். மூணு தடவை வாயைத் திறந்து கேட்டேன்."

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். "பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று ஏதோ சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சுப்புத்தாய் உள்ளேயிருந்து துணிப்பையோடு வந்தாள். எப்போது எடுத்து வைத்தாளோ. பின்வாசலுக்குப் போய் இரண்டு மிதி மிதித்து, சங்கிலியை அவிழ்த்தாள். அது அவள் சேலையை உரசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தது. என் நாற்காலி வந்ததும் சுவரோரமாகச் சுற்றிப் போனது.

"சுப்பு, நீயுமா?"

"அதுக்கு என் மிதிதான தெரியும்? நான் இல்லாம எப்பிடி இருக்கும்?" செருப்பை மாட்டினாள். "குழம்பு ரெண்டு நாளைக்கு ஃபிரிட்ஜுல இருக்கு. சுட வச்சுக்கோங்க."

"எப்ப வருவ?"

பொன்மலரைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். "தெரியல" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

குழம்பைச் சுட வைக்கத் தெரியாமல் அடிப்பிடித்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். நாயைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை.

டிசம்பர் 28ஆம் தேதி நான் எழுதியது பொய். நடந்தது இது. காலை பத்து மணி. விசில் ஊதினேன். மேஜர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, வரவில்லை. பிரம்பை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாவது அடியில் பிரம்பு உடைந்தது. "அடிக்காதீங்க தாத்தா" என்று கத்திக்கொண்டே இனியா ஓடிவந்து பின்னாலிருந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது திரும்பிக் கடித்தது. பிள்ளை என்று தெரிந்த உடனே விட்டுவிட்டது. விட்டுவிட்டு அவள் கையை நக்கியது.

நான் விடவில்லை. கையில் இருந்த பாதிப் பிரம்பால் இன்னும் இரண்டு போட்டேன். இனியா அதன் மேலேயே கவிழ்ந்து கிடந்தாள். இரண்டும் அவள் முதுகில்தான் விழுந்தன.